அந்த மூலையில் எண்ணியது யார்

மார்ச் 20, வியாழன்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஊறவைத்த துணி வாளியில் அப்படியே. இ-சேவை மையத்தில் மறுபடி சர்வர் டவுன். வருமானச் சான்றுக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னை முறைத்தார்கள், சர்வரை நான்தான் வீட்டில் பூட்டிவைத்துவிட்டு வந்த மாதிரி.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தால் தள்ளிப்போன கூடைப்பந்து மேட்ச் சனிக்கிழமை. முடிவாகிவிட்டது. எங்கள் காலேஜ் மஞ்சள், அவர்கள் பச்சை. படிக்கிற காலத்தில் மஞ்சள் டீமில் பெஞ்சைத் தேய்த்தவள் நான். அன்றிலிருந்து இன்றுவரை பச்சையை நாங்கள் ஜெயித்ததே இல்லை. ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். ஒரே ஒரு தடவை.

நாத்தனார் சுமதி பச்சைக் காலேஜ். போன் செய்து வம்புக்கு இழுத்தாள். "இன்னா அண்ணி, கர்ச்சீப் எடுத்து வச்சிட்டீங்களா? போன வருஷம் என் துப்பட்டாவுலதான் மூக்கு சிந்துனீங்க." போனை வைத்துவிட்டேன். வயிறு எரிகிறது.

இந்த வருடம் எங்களுக்குத் தமிழரசி இருக்கிறாள். அடுத்த தெருப் பெண். கேப்டன். கடைசி வருடம். யுனிவர்சிட்டி டீமுக்கு எங்கள் காலேஜிலிருந்து ஒரு பெயர்தான் போகும். இந்த மேட்சைப் பார்த்துவிட்டுத்தான் கோச் சார் எழுதுவாராம். சாயங்காலம் தெருமுனையில் நின்றிருந்தாள்.

"சாப்பிடவே முடியல அக்கா."

எனக்கும்தான்.

மார்ச் 21, வெள்ளி

கேஸ் புக் செய்ய வேண்டும். தலைவலித் தைலம். மஞ்சள் ரிப்பன், ஆறு முழம். பெரியவனுக்குக் கிராஃப் நோட்டு.

வேலை முடிந்து கோயிலுக்கு. வேண்டிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் மேட்சை முதலில் கேட்டேன், மகனின் கணக்குப் பரீட்சையை இரண்டாவதாக. அவன் எப்படியும் சுமாராகத்தான் எழுதுவான்.

இவர்: "ஆடப்போறது நீயா, அந்தப் பொண்ணா?" இரண்டு தடவை ரசத்தில் உப்புப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 22, சனி

எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

பழைய தோழிகள் ஆறு பேர், விஜயாவும் சேர்த்து, கூடைக்குப் பின்னால் இருக்கிற மூலையில் உட்கார்ந்தோம். எதிர்ப்பக்கம் பச்சைக் கூட்டம், நடுவில் சுமதி, இரண்டு மேளம். காது கிழிந்தது. ஸ்கோர் போர்டில் நேரம் காட்டுகிற பகுதி செத்துப்போயிருந்தது. மேஜையில் ஒருவர் ஸ்டாப்வாட்ச்சோடு. அவர் மைக்கில் சொல்வதும் மேளத்தில் பாதி அமுங்கிவிடும்.

முதல் பாதியில் செம அடி. பதினோரு பாயிண்ட் பின்னால். எழுந்து போய்விடலாம் என்று விஜயாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. இரண்டாம் பாதியில் தமிழரசிக்கு என்ன வந்ததோ! பந்து அவள் கையை விட்டுப் போகவே இல்லை. எட்டு, ஆறு, மூன்று என்று குறைந்தது. கடைசி நிமிடத்தில் சமம். நான் அழுதுகொண்டிருந்தேன். அது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

பந்து பச்சையிடம். நெட்டைப் பெண் ஒருத்தி எங்கள் மூலைக்கு முன்னால் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்துகிறாள். நேரம் எவ்வளவு பாக்கி என்று அவளுக்கும் தெரியாது. அப்போதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை. தொண்டை கிழிய ஆரம்பித்தேன்: "டென்! நைன்! எய்ட்!" விஜயாவும் மற்றவர்களும் உடனே சேர்ந்துகொண்டார்கள்.

நெட்டைப் பெண் பதறிப்போய் எறிந்தாள். வளையத்தில் பட்டு வெளியே வந்தது. பலித்துவிட்டது! வந்த பந்தைப் பாய்ந்து பிடித்தது தமிழரசி.

நான் வாயை மூடினேன். மற்றவர்கள் மூடவில்லை. "த்ரீ! டூ!" கையை ஆட்டினேன், விஜயாவின் வாயைப் பொத்தினேன். தமிழரசி எங்கள் பக்கம் ஒரு தரம் திரும்பினாள். அங்கிருந்தே, அந்தக் கடைசியிலிருந்து, எதிர்க்கூடைக்கு முழு பலத்தோடு வீசினாள்.

கூடைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

விசில் ஊதவில்லை. நேரம் இன்னும் இருந்தது. பச்சைக்காரிகள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, எங்கள் மூக்குக்கு முன்னால், நிதானமாகப் போட்டார்கள். அப்புறம்தான் விசில்.

இரண்டு பாயிண்ட்.

தமிழரசி கோர்ட்டின் நடுவில் குந்திவிட்டாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. நானும் போகவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ரிப்பன் இன்னும் கையிலேயே கட்டியிருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

புழுக்கம். சமைக்கவில்லை. ஓட்டலில் பரோட்டா.

பழைய மாணவிகள் குரூப்பில் ஒரே சத்தம். பச்சைக்காரிகள் பொய்யாக எண்ணி எங்கள் கேப்டனை ஏமாற்றிவிட்டார்களாம். கேவலமான புத்தியாம். மூலையில் இருந்த ஆறு பேரும் கப்சிப். விஜயா தனியாகப் போன் செய்தாள்.

"வாயத் தொறக்காதடி. யாருக்கும் தெரியாது. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

சுமதி நேரிலேயே வந்துவிட்டாள். கிண்டல் செய்வாள் என்று பார்த்தால், கண் கலங்கியிருந்தது. "சத்தியமா எங்க பொண்ணுங்க எண்ணல அண்ணி. நான் அங்கயே இருந்தேன். எங்க காலேஜ் பேர ஏன் இப்படி நாறடிக்கறாங்க?" காபி போட்டுக் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னை எனக்கே பிடிக்கவில்லை.

சாயங்காலம் தமிழரசியின் அம்மாவைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். கோச் சார் பெயரை மாற்றப் போகிறாராம். "பயத்துல எறிஞ்சிட்டு, யாரோ எண்ணுனாங்கன்னு கதை சொல்றான்னு சாரு சொல்றாரும்மா. மேளச் சத்தத்துல அவருக்கு ஒண்ணுமே கேக்கலியாம். இவ ரூமை விட்டே வரல." லிஸ்ட் நாளைக்குப் போகிறது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கத்திரிக்காய் கால் கிலோ என்றுதான் வந்தது.

மார்ச் 24, திங்கள்

சர்வர் இருந்தது. கூட்டம் ஜாஸ்தி.

மதியம் வரிசையில் தமிழரசி. சான்றுக்கு என்று நினைத்தேன். கையில் பேப்பர் எதுவும் இல்லை. முறை வந்ததும் கண்ணாடித் தடுப்பருகே குனிந்தாள். கண்ணெல்லாம் வீக்கம்.

"அக்கா, நீங்க அந்த மூலையிலதான இருந்தீங்க? கவுண்ட் கேட்டுச்சா, இல்லியா? சார் இல்லன்றாரு. அம்மாவும் நம்ப மாட்டேன்றாங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்குது. பைத்தியம் புடிச்சிடும் போல இருக்குதுக்கா."

"கேட்டுது."

"யாரு?"

அந்த நெட்டைப் பெண்ணைச் சொல்லலாம். மேளத்தைச் சொல்லலாம். விஜயாவைக்கூடச் சொல்லலாம்.

"நான்தான் தமிழு. நான்தான் ஆரம்பிச்சேன். அந்தப் பச்சைப் பொண்ண ஏமாத்தலாம்னு. நீ புடிப்பேன்னு யோசிக்கவே இல்ல."

திட்டுவாள் என்று இருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அழவும் இல்லை.

"அப்ப நான் பயந்து எறியல," என்றாள். என்னிடம் இல்லை. இன்னொரு தடவையும் சொன்னாள். "நான் பயந்து எறியல."

பின்னால் நின்ற பெரியவர், "சீக்கிரம்மா" என்றார். அவள் அசையவில்லை. போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினாள்.

"சார், தமிழரசி. லிஸ்ட் அனுப்பிட்டீங்களா? ஒரே நிமிஷம் சார். எண்ணுனவங்க இங்க இருக்காங்க."

தடுப்புக்குக் கீழே இருக்கிற இடைவெளி வழியாகப் போனை உள்ளே தள்ளினாள். வரிசை முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"யாருங்க பேசறது?" என்றார் கோச் சார்.

என் பெயரைச் சொன்னேன். எந்த வருட பேட்ச் என்பதையும் சொன்னேன்.