தண்ணீரை இனி நிறுத்து

அன்புள்ள கமர் ஜஹானுக்கு ஸலாம் சொல்லி எழுதுவது.

அல்லாஹ் கிருபையால் ஷார்ஜாவில் நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலமா? அம்மாவுக்கு முட்டிவலி கம்மியா?

புது வீட்டுப் பூச்சுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றச் சொன்ன நான், எப்போது நிறுத்துவது என்று எழுதவில்லை. “செவுரு ஊறிப்போச்சே, இன்னும் இன்னாத்துக்கு ஊத்திக்கினு இருக்கிற” என்று அம்மா கேட்டதற்கு, “அவுங்க நிறுத்தச் சொல்லி எழுதலியே” என்றாயாம். தம்பி அக்பர் அலி எழுதியிருந்தான். படித்துச் சிரித்தேன். பிறகு அந்த வரியை மறுபடியும் படித்தேன். என் ஒரு சொல்லுக்காகக் குடம் குடமாகச் சுமந்திருக்கிறாய். அது வீணில்லை, நன்றாக நனைந்த பூச்சு வெடிக்காது.

இனி நிறுத்து. எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வை, காற்று ஓடட்டும். ஈரத்துணியை உள்ளே காயப்போடாதே. பெயிண்டர் அவசரப்படுத்தினாலும் சுவர் காயும்வரை அடிக்க விடாதே.

இங்கே எங்கள் அறையில் எல்லோரும் உள்ளேயே துணி காயப்போட்டதில், என் தலைமாட்டுச் சுவரில் பூஞ்சை பிடித்துவிட்டது. கட்டிலை நகர்த்திவிட்டேன். இருமலும் நின்றுவிட்டது, கவலைப்படாதே.

ஒன்று மட்டும் செய். இங்கே பூசி முடித்ததும் எங்களை அடுத்த கட்டடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் நான் பூசிய சுவர் ஒன்றுகூடக் காய்ந்து நான் பார்த்ததில்லை. நம் வீட்டுச் சுவர் எந்த மூலையிலிருந்து வெளுக்கத் தொடங்குகிறது என்று பார்த்து எழுது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன்
காஜா மைதீன்