அஞ்சலை அக்காவின் இருபத்தேழு புகார்கள்

திங்கட்கிழமை காலை உனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் நகல் இப்போதும் என் திரையில் திறந்தே இருக்கிறது. "இந்தத் திருத்தத்தை அனுப்பியவரிடமிருந்து பதில் இல்லை. ஏழு நாளில் தானாக மூடப்படும்." அனுப்பியது நான் எழுதிவைத்த தானியங்கி. செத்தவனிடம் பதில் கேட்கிற அறிவுதான் அதற்கு. எழுதியவனுக்கும் அவ்வளவுதான்.

அந்தத் திருத்தம், நாம் இருவரும் சேர்ந்து எழுதிய கணினி நிரல் நூலகத்துக்கு நீ அனுப்பியது. ஊரார் இணையத்தில் பதிகிற குடிநீர், சாக்கடை, தெருவிளக்குப் புகார்களை எடுத்து அடுக்கிக் கொடுக்கும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். அதை நம்பித்தான் ஒரு தன்னார்வக் குழு, எந்தத் தெருத் தண்ணீரை முதலில் பரிசோதிப்பது என்று வரைபடம் பார்த்து முடிவு செய்கிறது.

நீ இருந்தபோது ஒரு நாள், உப்பளம் பகுதியில் என் அறையில் உட்கார்ந்து அந்த வரைபடத்தைத் திறந்தாய். தேங்காய்த்திட்டில் உன் தெருமேல் விரலை வைத்தாய்.

"இருபத்தேழு வூட்லயும் தண்ணி கலங்கலா வருது. இதுல ஒண்ணுன்னு காட்டுது. இன்னாடா இது?"

என் வடிகட்டிதான். ஒரே கணக்கிலிருந்து, ஒரே நாளில், ஒரே வகைப் புகார் வந்தால் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும்.

"ஒரே ஆளு இருபத்தேழு தடவ அழுத்துனா அது குப்பைடா."

"ஒரே ஆளு இல்ல, ஒரே போன். அஞ்சலை அக்கா போன். மீன் ஏலம் முடிஞ்சு வந்து, வூடு வூடா கேட்டு அதுதான் போடுது."

"அவங்கவங்கள தனித்தனியா போடச் சொல்லு."

"நீ வந்து சொல்லு. செருப்பால அடிக்கும்."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. இரண்டே நாளில், வீட்டு எண்ணையும் ஒப்பிடும்படி ஒரு திருத்தம் அனுப்பினாய். "திருத்தம் சரியா என்று காட்டும் சோதனை நிரல் இல்லை. சேர்க்க முடியாது" என்று திருப்பினேன். நான் அதை முழுதாகப் படிக்கவே இல்லை. என் வடிகட்டி தப்பு என்று நாலு பேர் பார்க்க ஒப்புக்கொள்ள மனமில்லை, அதுதான் உண்மை. "ஷிப்ட் முடிஞ்சு வந்து எழுதறேன் மச்சி" என்று கீழே எழுதினாய். சேதராப்பட்டு ஆலையிலிருந்து அன்று நீ வீடு திரும்பவில்லை. லாரி.

அதற்குப் பிறகு உன் திருத்தம் இருந்த பக்கத்தை நான் திறக்கவே இல்லை. உன் தெரு வரைபடத்தில் ஒற்றைப் புள்ளியாகவே கிடந்தது. பரிசோதிக்க யாரும் அங்கே போகவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இருந்தேன்.

செவ்வாயன்று துறைமுகத்துக்குப் போனேன். அஞ்சலை அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீதான் அந்தக் கம்ப்யூட்டர் பிரெண்டா? கோவக்காரன்னு சொல்லும் அந்தப் புள்ள." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் போட்டதெல்லாம் போய்ச் சேந்துச்சா தம்பி?"

"சேந்துச்சுக்கா. நான்தான் தூக்கிப் போட்டுட்டேன்."

"இருபத்தேழயுமா?"

"இருபத்தாறு."

குனிந்து கூடைக்குப் பின்னால் துழாவினார். செருப்பைத் தேடுகிறார் என்றே நினைத்தேன். போனை எடுத்து நீட்டினார். "இந்தா. இந்தத் தடவயாவது பாத்துப் போடு."

அங்கேயே, மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவர் பதிவுகளை வைத்துச் சோதனை நிரல் எழுதினேன். பாதி வீடுகளுக்கு எண்ணே இல்லை. 'பின் வூடு', 'மாடி', 'கோடி வூடு' என்றுதான் போட்டிருந்தார். இங்கே உன் திருத்தம் உடையும் என்று எதிர்பார்த்தேன். உடையவில்லை. அத்தனையையும் நீ முன்பே யோசித்து எழுதியிருந்தாய்.

உன் பெயரிலேயே சேர்த்தேன். புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் எழுதினேன்: "வடிகட்டி தவறு. எழுதியது நான்." வெள்ளிக்கிழமை குழு வந்து உன் தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனது. முடிவு இன்னும் வரவில்லை.

இப்போதெல்லாம் அக்கா எனக்கு போன் செய்கிறார். "கோடி வூட்டுக்கு இன்னொண்ணு போட்டுட்டேன். வந்துச்சான்னு பாரு." முன்பு உன்னிடம்தான் கேட்பாராம். நான் பார்த்து, வந்துவிட்டது என்று சொல்லும்வரை போனை வைப்பதில்லை. நானும் அவசரப்படுத்துவதில்லை.