அம்மா அருவியைப் பார்க்க வேண்டும்

அன்புள்ள மகன் தாரியோவுக்கு, இகுவாசுவிலிருந்து உன் அப்பா எழுதுவது. நான் நலம், உன் தங்கை யனினா நலம், அங்கே நீயும் மருமகளும் பேத்தி அய்லேனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க இட்டாத்தி மாதா துணை நிற்கட்டும். உன் அம்மாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அதனால்தான் ஃபோனை விட்டுவிட்டுக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் பண்ணும்போது அவள் என்னோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒரு வார்த்தை தனியாகப் பேச விடுவதில்லை. கடிதமென்றால் அந்தப் பயமில்லை. இதோ எதிரே உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள், என்ன எழுதறீங்க என்று கேட்டாள், பஸ் கம்பெனிக்கு லீவு கேட்டு எழுதுகிறேன் என்றேன், சரி என்றுவிட்டாள். முன்பெல்லாம் அவளிடம் இப்படிப் பொய் சொல்லித் தப்பிக்க முடியுமா, நீயே சொல்.

இந்த ஜூலை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருகிறேன் என்று நீ வாய்விட்ட நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சு கிடையாது. முதல் நாள் நம் பக்கத்து அருவிப் பூங்கா, மறுநாள் பாலம் தாண்டி பிரேசில் பக்கத்துப் பூங்கா, அதற்கடுத்த நாள் குழந்தைக்காகப் பறவைப் பூங்கா என்று உன் அம்மா எல்லாம் முடிவு செய்துவிட்டாள். காலையில் கூட்டம் சேர்வதற்குள் கீழ்ப்பாதையை முடித்துவிட வேண்டுமாம், பிறகு மேல்பாதை, எல்லாவற்றிலும் பெரிய அருவியான பிசாசின் தொண்டையைக் கடைசியில்தான் பார்க்க வேண்டுமாம், அதை முதலில் பார்த்துவிட்டால் மற்ற அருவியெல்லாம் குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி ஆகிவிடுமாம். சிபா ரொட்டியை வீட்டிலேயே சுட்டு எடுத்துக்கொள்ள வேண்டும், உள்ளே விற்பது வாயில் வைக்க விளங்காது, ஆனால் மேசையில் வைத்துப் பிரிக்கக் கூடாது, அந்த நீள மூக்குக் காட்டுப் பிராணிகள், கோவாட்டிகள், கூட்டமாக வந்து பையோடு பிடுங்கிக்கொண்டு போகும், குழந்தையைக் கடித்து வைக்கும், அதனால் பூங்கா ரயிலில் போகும்போதே தின்றுவிட வேண்டும். காலமெல்லாம் அந்தத் தடத்தில் பஸ் ஓட்டுகிற எனக்கே பாடம் நடத்துகிறாள். அய்லேனுக்கு மஞ்சள் துணியில் மழைக்கோட்டு ஒன்று தைத்திருக்கிறாள். முதலில் தைத்தது குழந்தை நடக்கத் தொடங்கிய வயசுக்கு. நீ அடுத்த வருஷம் என்றதும் அதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் பெரிதாக ஒன்று தைத்தாள், அப்புறம் அதைவிடப் பெரிதாக. எங்கள் டிப்போ ஓல்மெதோவின் வாய்தான் உனக்குத் தெரியுமே. என்னய்யா எவரிஸ்தோ, ஒம்மவன் வர்றதுக்குள்ள ஆறு வத்திப்போயி நாம நடந்தே பிரேசிலுக்குப் போயிரலாம் போலிருக்கே என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

இந்த மூன்றாவது கோட்டுக்கு மட்டும் ஒரு கை மற்றதைவிட நீளம். யனினாதான் அவளுக்குத் தெரியாமல் பிரித்து மறுபடி தைத்து வைத்தாள். ஆமாம் மகனே, அவளுக்குக் கண் போகிறது. சர்க்கரை போன வருஷமே ஒரு கண்ணைத் தின்றுவிட்டது, மற்றதும் போய்க்கொண்டிருக்கிறது. உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என் தலைமேல் சத்தியம் வாங்கியிருந்தாள், புள்ள அங்க கூரமேல ஏறி வேல செய்றவன், மனசு கலங்கிக் கால் தவறிச்சுன்னா என்று. காலையில் குடிக்க மாத்தே இலைச் சாறு ஊற்றும்போது வெந்நீரைக் குடுவையில் விடாமல் தன் கைமேலேயே விட்டுக்கொண்டாள், கை கொப்பளித்துவிட்டது, அப்போதும் குடுவைய யாரு நகத்துனது என்று என்னைத்தான் திட்டினாள். நான்தான் நகர்த்தினேன் என்றேன், வேறென்ன சொல்ல. போசாதாஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் லேசர் ஒளி வைத்துச் சுட்டுப் பார்த்தோம், காலம் கடந்துவிட்டது என்றார்கள். அந்த டாக்டர் நல்ல மனுஷி, என்னைத் தனியாக அழைத்து, ஐயா, அவங்க எதையாவது பாக்கணும்னு ஆசப்பட்டா ஜூன்ல குளிர்காலம் வர்றதுக்குள்ள காட்டிருங்க, அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல என்றாள்.

அவள் பார்க்க ஆசைப்படுவது என்ன என்று உனக்குத் தெரியும். நீ இங்கே இருந்த காலத்தில் மாதம் ஒரு தடவை என் பஸ்ஸிலேயே ஏறிப் போய்க் கீழ்ப்பாதையில் ஈரப் பலகையில் உட்கார்ந்துவிட்டுத் தலை நனைந்து திரும்பி வந்தவள் அவள். நீ வீட்டை விட்டுப் போன அன்று மாதா படத்தின் முன்னால் மண்டியிட்டு, எம்புள்ள எம்பக்கத்துல வந்து நிக்கிற வரைக்கும் அந்தத் தண்ணிய நான் கண்ணால பாக்க மாட்டேன் என்று நேர்ந்துகொண்டாள். நம் ஊரில் மற்ற அம்மாக்கள் முடி கொடுப்பார்கள், முழங்காலில் நடப்பார்கள், மிஞ்சிப்போனால் ஒரு வருஷம் இனிப்பை விடுவார்கள். இவள் தனக்கு எது உயிரோ அதைத் தூக்கிக் கொடுத்தாள், அப்படிக் கொடுத்தால்தான் மாதாவுக்கு மறக்காதாம். நானும் பக்கத்திலேயே நின்று ஆமென் சொன்னேன். நீ ஒரு வருஷத்தில் திரும்பி வந்துவிடுவாய் என்றுதானே நாம் எல்லாரும் நினைத்தோம்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. நீ இருக்கிற நாட்டில் தங்குவதற்கு உன்னிடம் தாள் கிடையாது, அந்த நாட்டை விட்டு ஒரு தடவை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள், அங்கே பிறந்த குழந்தையைத் தவிக்க விட்டுவிட்டு வர முடியாது. இது எனக்குத் தெரியும், யனினாவுக்குத் தெரியும். இந்த ஜூலையும் போன ஜூலை மாதிரிதான். ஆனால் உன் அம்மா அதை நம்ப மாட்டாள், தாளுதானே, இன்னிக்கு இல்லன்னா நாளைக்குக் குடுப்பான் என்கிறாள்.

போன மாதம் நான் ஒரு காரியம் செய்தேன். சந்தைக்குப் போகலாம் வா என்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, சந்தையில் நிறுத்தாமல் பூங்காவுக்கே ஓட்டிக்கொண்டு போனேன். உள்ளே போய்விட்டால் மனசு மாறிவிடும் என்று ஒரு நப்பாசை. பாதி வழியில் அவளுக்குப் புரிந்துவிட்டது, எப்படியென்று கேட்காதே, காட்டின் வாசனை வந்திருக்கும். நான் கண்ணாடியில் பார்க்கிறேன், இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டுவிட்டாள். வாசலில் இருந்து அருவி தெரியவே தெரியாது, சத்தம்கூடக் கேட்காது, இருந்தும் பொத்திய கையை எடுக்கவில்லை. வெள்ளைக்காரப் பயணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். திரும்பும்போதும் அப்படியேதான். மிச்சமிருக்கிற கொஞ்சம் பார்வையையும் மூடிக்கொண்டு ஒருத்தி என் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள், நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே ஓட்டினேன். அதற்குப்பின் ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை, சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்திவிடுவாள், அவ்வளவுதான்.

யனினா போய்ப் பங்குச் சாமியாரைக் கூட்டிவந்தாள். அவரும் பாவம், நெலிதா, மாதா ஒண்ணும் கடன்காரி இல்லம்மா, நான் விடுவிக்கிறேன், போய்ப் பாத்துட்டு வா என்று எவ்வளவோ சொன்னார். இவள் அவருக்கும் மாத்தே ஊற்றிக் கொடுத்துவிட்டு, சாமி, இது மாதாவுக்கும் எனக்கும் உள்ளது, நீங்க ஏன் நடுவுல வர்றீங்க என்றாள். பிறகு அவளாகவே சொன்னது இது, ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். எம்புள்ள அவன் வாயால, இனி வரவே மாட்டேன்னு சொல்லிட்டா, அப்ப நேந்துக்கிட்டதுக்கு அர்த்தம் இல்ல சாமி, அன்னிக்கு மாதாகிட்ட நானே பேசிக்கிறேன். அது வரைக்கும் அவனுக்கு எடம் வெச்சிருக்கேன். சாமியார் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணும்போது, நான் இனி வரமாட்டேன் அம்மா என்று சொல்லிவிடு. வேலை, லீவு, டிக்கெட் என்று சுற்றி வளைக்காதே. அவள் விசும்புவதைக் கேட்டதும் மனசு இளகி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே, அந்த ஒரு வார்த்தைதான் அவளை இத்தனை நாள் கட்டிப் போட்டிருக்கிறது. வரமாட்டேன், எனக்காகக் காத்திருக்காதே, இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். பெற்ற தாயிடம் இப்படிச் சொல்லச் சொல்லுகிறானே, இவனெல்லாம் ஒரு தகப்பனா என்று நீ நினைப்பாய், நினைத்துக்கொள். அவள் இரண்டு நாள் படுத்துக் கிடப்பாள், என்னையும் ஏசுவாள், பிறகு நான் அவளை முதல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவேன். ஆற்றில் இப்போது நல்ல தண்ணீர், வெள்ளம் கொண்டுபோன நடைபாலத்தையும் சரி பண்ணித் திறந்துவிட்டார்கள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிசாசின் தொண்டை வரைக்கும் கூட்டிப்போய் நிறுத்துவேன். அழுதுகொண்டு பார்த்தாலும் பார்த்த மாதிரிதானே. நாளைக் கடத்தாதே மகனே, போன வாரம் ஓரளவுக்குத் தெரிந்த என் முகம் இந்த வாரம் அவளுக்குத் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் திரும்புகிறாள்.

கூரையில் ஏறும்போது கயிற்றைக் கட்டிக்கொள், சோம்பல் படாதே. அய்லேனுக்கு நம் பாஷையை மறக்க விடாதே. மருமகளுக்கு என் அன்பைச் சொல். மாதா உங்கள் வீட்டு நிலைப்படியில் நிற்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

இன்னும் ஒன்று. அவளிடம் சொல்லி முடித்ததும் ஃபோனை வைத்துவிடாதே. அவள் எழுந்து உள்ளே போனபிறகு நான் வாங்குவேன். அப்போது என்னிடம் மட்டும், அடுத்த வருஷம் வருகிறேன் அப்பா என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
எவரிஸ்தோ