லார்ச்மவுண்டில் கடை கிடையாது

1884 செப்டம்பர் 1, திங்கள்

இன்றும் துணி உலர்த்துவதில் தகராறு. தெருவுக்குத் தெரிகிற மாதிரி துணி காயப்போடக் கூடாது என்பது குடியிருப்புக் குழுவின் விதி. சமையல்காரி பெட்ஸி என் கணவர் ஜோசையாவின் சட்டைகளை நிலவறையில் காயப்போட்டு, எல்லாவற்றிலும் கரி.

"அம்மா, முன்னாடி கோபுரமே கட்டியிருக்காங்க. பின்னாடி ஒரு கொடி கட்ட இடமில்ல."

உண்மைதான். அந்தக் கோபுரத்துக்குப் படிக்கட்டும் கிடையாது. வெளியே நின்று பார்ப்பவர்களுக்காக வைத்ததாம். தேவாலயம் மாதிரி ஜன்னல், இத்தாலியக் கோபுரம், சுவிட்சர்லாந்து பால்கனி. எந்த நாட்டில் குடியிருக்கிறோம் என்று வீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. முன்சுவருக்குச் செதுக்கிய கல்; பின்சுவருக்குச் சூளையில் மிஞ்சிய செங்கல்.

பிற்பகல் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய?

செப்டம்பர் 18

குழுத் தலைவர் மிஸ்டர் கிரேல் "லார்ச்மவுண்டின் தொன்மை வரலாறு" என்று சொற்பொழிவு ஆற்றினார். இந்தப் புறநகருக்கு என் மகளைவிட வயது குறைவு. ரோமானியர்களில் ஆரம்பித்தார், நார்மானியர்கள் வந்தார்கள், ஒரு பிரபு வேட்டையாடினார், உடனே நாங்கள் வந்துவிட்டோம். நடுவில் இங்கே இருந்த பன்றிப் பண்ணையைக் காணோம். எதிர்வீட்டு மிஸஸ் பார்கெட்டர் எழுந்து, மிகப் பணிவாக, "அந்தப் பன்னிங்க எந்தக் காலத்துல வந்துச்சு சார்?" என்று கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்ததை இருமலாக்கினார்கள். கிரேல் தண்ணீர் குடித்தார்.

கிரேல் சோப்பு செய்கிறார். என் கணவர் சவப்பெட்டிக்குப் பித்தளைப் பிடி செய்கிறார். இங்கே அதற்கு "அலங்கார வேலை" என்று பெயர். பர்மிங்காமின் புகை எல்லாம் எங்களுடையது. காற்று மேற்கிலிருந்து வீசி அந்தப் புகையை அப்பால் தள்ளுகிறவரை நாங்கள் கனவான்கள்.

அக்டோபர் 7

தெரு முழுக்க வாசனை. பன்றிக்கறியும் மிளகும் வைத்து மாவால் மூடிச் சுடுகிற அப்பம். மிஸஸ் பார்கெட்டர் வீட்டிலிருந்துதான். அவர் கணவர் வங்கிக் குமாஸ்தா, வசந்தத்தில் இறந்துபோனார். வேறு பிழைப்பில்லை, எனவே விற்கிறார். வீதியில் எல்லா வீட்டுச் சமையல்காரிகளும் பின்சந்துக் கதவு வழியாக வாங்குகிறார்கள். நம் வீட்டில் போன வாரம் ஜோசையா மூன்று தின்றார். பெட்ஸியின் கைப்பக்குவத்தைப் பாராட்டினார். அவள் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டாள்!

அக்டோபர் 20

குழுக் கூட்டம் எங்கள் வரவேற்பறையில். ஜோசையா செயலாளர். லார்ச்மவுண்டில் கடையோ வியாபாரமோ கூடாது என்று குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது. மீறினால் வீடு போய்விடும்.

"இந்த நாத்தத்துல மனுஷன் குடியிருக்க முடியுமா?" என்றார் கிரேல், வாயில் கறியப்பத்தோடு. பெட்ஸி அதைத்தான் தட்டில் அடுக்கியிருந்தாள். அவர் இன்னொன்று எடுத்துக்கொண்டார்.

தீர்மானம்: பின்சந்து குழுவுக்குச் சொந்தம், ஆகவே மிஸஸ் பார்கெட்டருடைய பின்கதவைச் செங்கல் வைத்து அடைப்பது. அதற்கு மேலும் விற்றால் வீட்டைப் பறிப்பது.

கூட்டம் கலைந்ததும் சொன்னேன்: "அந்தம்மா எங்க போவாங்க?"

"லவினியா, இது கட்டடக் கலை சம்பந்தப்பட்ட விஷயம். உனக்குப் புரியாது."

கட்டடக் கலையாம்! ஒரு பொம்பளைய தெருவுல தள்றதுக்குப் பேரு கட்டடக் கலையா? படிக்கட்டு இல்லாத கோபுரத்தைக் கட்டி வெச்சுக்கிட்டு—

போதும். தூங்கப் போகிறேன்.

அக்டோபர் 28

கதவை அடைத்துவிட்டார்கள். கொத்தனார்கள் வேலை முடித்து, அவரிடமே கறியப்பம் கேட்டுச் சாப்பிட்டுப் போனார்களாம்.

நேரே போய் முன்கதவைத் தட்டினேன். இத்தனை வருஷம் எதிரெதிரே இருந்தும் முதல் தடவை. முழங்கைவரை மாவோடு வந்து திறந்தார்.

"என்ன மிஸஸ் டக்கெட், பெட்டியைக் கட்டிட்டேனான்னு பாக்க வந்தீங்களா?"

"இல்ல. முன்கதவு சும்மாதானே இருக்கு?"

"முன்னாடி வித்தா கடைன்னு சொல்லுவாங்களே."

"விக்கிறதை யாரு பாக்கப்போறா? ஒரு சீமாட்டி இன்னொரு சீமாட்டி வீட்டுக்கு வந்து கால்மணி நேரம் உக்காந்துட்டுப் போறதை எந்த விதி தடுக்கும்?"

என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். குளிருக்காக இரண்டு கையையும் நுழைத்துக்கொள்ளும் பெரிய உரோம உறை, அதைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும். இந்த வீதியில் சத்தம் போட்டுச் சிரித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மிஸஸ் பார்கெட்டர் செவ்வாய்தோறும் விருந்தினரை வரவேற்பதாக நான்தான் வீடு வீடாகச் சொன்னேன். இன்று ஏழு சீமாட்டிகள். விசிட்டிங் கார்டையும் அதனடியில் காசையும் தட்டில் வைத்து, வானிலை பேசி, உறைக்குள் ஒரு கறியப்பத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். கை இவ்வளவு இதமாக எப்போதும் இருந்ததில்லை என்றார் டாக்டரின் மனைவி.

நவம்பர் 11

வீதியில் வண்டி நிற்க இடமில்லை. பக்கத்துப் புறநகரிலிருந்தும் வருகிறார்கள்.

நவம்பர் 25

இன்று நடந்ததை எப்படி எழுத! மிஸ்டர் கிரேல் தன் நாயோடு உலாவ வந்தார். மிஸஸ் பார்கெட்டர் வீட்டுப் படியில் ஒரு சீமாட்டி இறங்கினார். முகத்தை மறைக்கும் வலைத்துணி, கையில் நரித்தோல் உறை. நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்து உறைக்குள் தலையை விட்டது. கறியப்பம் நடைபாதையில் உருண்டது. வலை விலகியது. மிஸஸ் கிரேல்.

எல்லா ஜன்னல் திரையும் அசைந்தது.

"செப்டிமஸ்," என்றார் அந்த அம்மாள், "நாயைப் பிடிங்க. அது உங்க ராத்திரிச் சாப்பாடு."

கிரேல் அப்பத்தைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். தொப்பியை எடுத்து, படியில் நின்ற மிஸஸ் பார்கெட்டருக்கு வணக்கம் சொன்னார். வேறு என்ன செய்வார்? கடை என்று சொன்னால் தன் மனைவி கடைக்குப் போனவள் ஆகிவிடுவாளே.

டிசம்பர் 8

குழு கூடியது. ஜோசையா வந்து சொன்னார்: குடியிருப்பில் வியாபாரம் எதுவும் நடக்கவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம். மிஸஸ் பார்கெட்டரின் வரவேற்பறை இந்தப் பகுதியின் சமூக வாழ்வுக்குப் பெருமை என்றும்.

"உனக்கு எதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

"கட்டடக் கலை எனக்கு எப்படிப் புரியும்?"

அவர் செய்தித்தாளை எடுத்து விரித்தார். பிறகு, "நாளைக்கு ரெண்டு எடுத்துட்டு வா," என்றார்.

1885 ஜனவரி 13

ஹெஸ்டர் — மிஸஸ் பார்கெட்டரை இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன் — ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாமல் திணறுகிறார். காலையில் போய் மாவு பிசைந்தேன். முதல் அப்பம் அடி பிளந்து சாறெல்லாம் ஒழுகியது. "உன் வீட்டுக்காரர் கோபுரம் மாதிரியே இருக்கு. பாக்க மட்டும்தான்," என்றார்.

பிப்ரவரி 3

மிளகு கொஞ்சம் கூடிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

மார்ச் 10

எழுத நேரமில்லை. அடுப்பு சூடாகிவிட்டது, ஹெஸ்டர் வீதிக்குக் கேட்க என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.