துண்டறிக்கையில் நான் வெட்டிய வரி

என் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. அங்கே நீ உடம்பும் மனசும் சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், என் முதல் வேண்டுதல் அதுதான். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அதனால் பேச முடியவில்லை என்று பத்து நாளாகப் போனில் சொன்னேனே, அது பொய். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உன் அத்தைதான், “அவகிட்ட மறைக்காதண்ணா, அப்புறம் ஆயுசுக்கும் உன்ன மன்னிக்க மாட்டா” என்று நேற்று பிடித்துக்கொண்டாள். போனில் சொல்லப் போனால் பாதியில் உடைந்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன், அத்தை இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் அச்சகத்துக்குப் பழச்சாறு கடைக்காரர் ஒருவர் வந்தார். நட்சத்திரப் பழத்தின் நன்மைகள் என்று ஒரு துண்டறிக்கை வேண்டும் என்றார். குறுக்கே நறுக்கினால் ஐந்து முனையோடு மஞ்சளாக இருக்குமே, அந்தப் பழம்தான். யாரோ படித்தவரிடம் எழுதி வாங்கி வந்திருந்தார், ஒழுங்காகத்தான் எழுதியிருந்தது. வைட்டமின் சி நிறைய, நார்ச்சத்து உண்டு, கலோரி மிகக் குறைவு, மலச்சிக்கலுக்கு நல்லது, கொழுப்பு குறைய உதவலாம், ஆனால் அது இன்னும் உறுதியாகவில்லை என்றுகூடப் போட்டிருந்தது. பழத்தின் படம் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். படத்தைப் பெரிதாக்கினேன், கீழே இரண்டு வரி பக்கத்துக்குள் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் வயசானவர்களுக்குத் தெரியாது. கடைசிப் பத்தியை யாரும் படிப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன எண்ணம், இடம் போதாவிட்டால் கை தானாக அங்கேதான் போகும். வெட்டினேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பழத்தையோ சாற்றையோ தொடவே கூடாது, உயிருக்கு ஆபத்து என்பதுதான் அந்த இரண்டு வரி. அம்மாவின் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது, மாத்திரை வாங்கி வருகிறவனே நான்தான். அந்த வரியை என் கண் படித்தது குட்டிம்மா, புத்தி படிக்கவில்லை. முப்பது வருஷமாகப் பிழை பார்க்கிற கண் என்று பெருமை வேறு.

உன் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. மருந்துச் சீட்டை நாலு தடவை சந்தேகமாகப் பார்ப்பாள், நான் அச்சடித்துக் கொண்டுவரும் காகிதம் என்றால் அப்படியே நம்புவாள். மாடு வளர்ப்புக் கையேடு அச்சடித்தபோது, நல்லவேளை நம் வீட்டில் மாடு இல்லை என்று நீகூடக் கேலி செய்தாய். இந்த அறிக்கையையும் படித்துவிட்டு, தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாறு குடிக்க ஆரம்பித்தாள். நானும் பழம் வாங்கிக் கொடுத்தேன், உடம்பு தேறட்டும் என்று. இருபதாம் நாளோ என்னவோ, விக்கல் பிடித்தது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை. “என் பொண்ணு நினைக்கிறா, அதான்” என்று சிரித்தாள். உனக்கு ஆபீசில் வேலையே இல்லையா, நாள் முழுக்க அம்மாவையே நினைத்துக்கொண்டிருக்கிறாயா என்று நானும் கிண்டல் செய்தேன். மறுநாளும் விக்கல். மூன்றாம் நாள் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு அடுப்பங்கரை எங்கே என்று கேட்டாள். அன்று சாயங்காலம் வலிப்பு வந்தது.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, உன் வயசுதான் இருக்கும். நல்ல சிறுநீரகம் இருக்கிறவர்களுக்கு இது நல்ல பழம்தான், அதில் இருக்கும் ஒன்றிரண்டு நச்சுப் பொருளைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும், அம்மாவுக்கு அது முடியாமல் மூளைவரை போய்விட்டது என்றாள். தினமும் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். “தாமதமா வந்துட்டீங்க, நம்பிக்கை குடுக்க முடியல” என்றாள். யார் இதைச் சாப்பிடச் சொன்னது என்று கேட்டாள். மறுநாளே அந்த அறிக்கைகளைத் திரும்ப வாங்கக் கிளம்பினேன். நாலாயிரம் பிரதி போயிருக்கிறது. தினமும் காலையில் பழச்சாறு கடை, அங்கிருந்து அறிக்கை போன மருந்துக்கடை, கிளினிக் என்று ஏறி இறங்கி இதுவரை அறுநூறு திரும்ப வாங்கியிருக்கிறேன். கடைக்காரர், “நான் எழுதிக் குடுத்ததுல இருந்துச்சே, நீங்கதான எடுத்தீங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மீதியில் ஒன்று இன்னொரு வீட்டில் யாருடைய அம்மா கையில் இருக்கிறதோ, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள், ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துக்கொண்டாள். “தம்பி, எங்க வீட்டுக்காரர் வருவாரு, நாள் முழுக்க எழுத்து பாத்துப் பாத்துக் கண்ணு கெட்டுப்போச்சு அவருக்கு. ஃபிரிட்ஜுல அவருக்கும் ஒரு டம்ளர் ஜூஸ் எடுத்து வச்சிருக்கேன், மறக்காமக் குடிக்கச் சொல்லுங்க” என்றாள். சரிம்மா, சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உடனே புறப்பட்டு வா குட்டிம்மா. என்னை அடையாளம் தெரியவில்லை, உன்னைத் தெரியலாம். திட்டுவதை நேரில் வந்து திட்டு, அங்கே தனியாக உட்கார்ந்து அழாதே. வழியில் பட்டினி கிடக்காதே, தண்ணீர் குடி. என் ஆசீர்வாதத்துக்கு இப்போது என்ன மதிப்பு என்று தெரியவில்லை, இருந்தாலும் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அம்மா முன்னால் மட்டும் அழாமல் வா.

உன் அப்பா