நயினார் வீட்டு நாய்க்குக் காளான் பொடி

செஞ்சி,
ஞாயிற்றுக்கிழமை.

பெங்களூரில் மகள் வீட்டில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மளிகைக்கடை அப்பாண்டைராஜ நயினார் அவர்களுக்கு, செஞ்சியில் குந்தி உட்கார்ந்து டயருக்கு ஒட்டுப் போடும் விநாயகம் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு நான், என் வீட்டுக்காரி செல்லம்மாள், உங்கள் நாய் பட்டாணி மூவரும் சுகம். சுகம் என்று முதலில் எழுதிவிட வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். அதற்கு மேல் நான் படிக்காததால், மீதியை உள்ளபடிதான் எழுதத் தெரியும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் சாப்பாட்டுப் பேச்சை எடுத்தால் நீங்கள் நெல் விலை கேட்கிறீர்கள். மாத்திரை என்றால் சிக்னல் இல்லை என்கிறீர்கள். மலை இடுக்கில் இருக்கிற எனக்கு சிக்னல் இருக்கிறது, பெங்களூரில் உங்களுக்கு இல்லை. காகிதத்தில் அந்தத் தந்திரம் செல்லாது. பொட்டலம் மடித்து வந்த தாளைக்கூடப் பிரித்து இரண்டு பக்கமும் படிக்கிற ஆள் நீங்கள்.

ராத்திரி மாத்திரையை நீங்கள் தொடமாட்டேன் என்கிற சேதி எனக்கு வந்துவிட்டது. உங்கள் மகள் ஜெயஸ்ரீதான் சொன்னாள். அதற்கு வருகிறேன். முதலில் நாய்.

பட்டாணிக்கு உண்ணிக் காய்ச்சல் என்று உங்களுக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது. நீங்கள் இருக்கிற நிலையில் வேண்டாம் என்று குறைத்துச் சொன்னோம். மூக்கில் ரத்தம் வந்தது. ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. உங்கள் கடை ஷட்டர் முன்னால் தினம் போய்ப் படுத்துக்கொள்பவன், ஒருநாள் படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. கோணியில் போட்டு ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் ஷோபனா என்று ஒரு பெண். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கின்றன என்றாள். முதலில் ஊசியும் குளுக்கோசும் போட்டாள். கொஞ்சம் தெளிந்ததும் மாத்திரைக்கு மாற்றினாள். காலையில் ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று, இரண்டும் சோற்றோடு. வெறும் வயிற்றில் போட்டால் வாந்தியில் வந்துவிடும், ஒரு வேளை விட்டாலும் காய்ச்சல் திரும்பும் என்று இரண்டு தடவை சொன்னாள். முட்டையாவது கொடுங்கள் என்றாள். நயினார் வீட்டு நாயம்மா, தயிர் சோறும் பருப்புச் சோறும் தவிர எதையும் கண்டதில்லை என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

மாத்திரைக்கு மாறிய அன்றுதான் ஜெயஸ்ரீ அனுப்பிய பார்சல் வந்தது. உள்ளே ஒரு டப்பா. டப்பா மேல் நாய் படம், நம் பட்டாணியைவிடப் பணக்கார நாய். திறந்தால் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு பொடி. போன் போட்டுக் கேட்டேன். "மாமா, அது நாலஞ்சு வகைக் காளானைக் காயவெச்சு அரைச்சது. நோய் எதிர்ப்புச் சக்திக்கு நல்லதுன்னு இங்க நாய் வளக்கறவங்க குடுக்கறாங்க. சோத்துல ஒரு சின்ன ஸ்பூன் கலந்து குடுங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். இதோ சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். காளான், தேன், முட்டை வாசல் தாண்டாத சமண வீட்டில் வளர்ந்தவள், அப்பா ஆசையாக வளர்த்த நாய் செத்துவிடக் கூடாது என்று காளானை விலை கொடுத்து வாங்கி அனுப்பியிருக்கிறாள். வாங்குவதற்கு முன் எத்தனை தடவை யோசித்திருப்பாள் என்று பாருங்கள். எனக்கு அந்த யோசனை இல்லை. இடி இடித்த மறுநாள் கொல்லையில் காளான் பிடுங்கிக் குழம்பு வைக்கிற குடும்பம் நாங்கள். ஒரு சிட்டிகை வாயில் போட்டும் பார்த்தேன். நனைந்த கோணிப்பையை நக்கினதுபோல் இருந்தது. காளானுக்கு நாய்க்குடை என்று பெயர் வைத்தவன் இந்த டப்பாவைக் கனவில் கண்டிருப்பானோ என்னவோ.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஷோபனாவிடம் போனேன். "நான் பஞ்சர்காரன்மா. ஒட்டு தாங்கும்னா தாங்கும்பேன், தாங்காதுன்னா தாங்காதும்பேன். நீயும் அப்படியே சொல்லு, இது நோயைத் தீக்குமா" என்று கேட்டேன். அவள் சிரிக்காமல் சொன்னாள், "தாத்தா, ஒட்டுப் போடறது என் மாத்திரை. இந்தப் பொடி காத்து அடிக்கற மாதிரி. ஒட்டு இல்லாம காத்து மட்டும் அடிச்சா வண்டி ஓடுமா? இந்தக் காத்துகூட எவ்ளோ ஏறும்னு நிச்சயமா சொல்ற அளவுக்கு இன்னும் ஆராய்ச்சி நடக்கல. கெடுதல் பண்ற மாதிரி இதுல எதுவும் தெரியல. குடுத்துப் பாருங்க, வயித்துக்கு ஆகலைன்னா நிறுத்திடுங்க. மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாது." படித்தவள் என்றாலும் விவரமான பெண்.

இங்கேதான் என் புத்தி கோணல் வழியில் போனது. பகலில் கலந்தால் எங்கள் கொல்லை வழியாக வந்துபோகிற, உங்கள் கடைக்கு அடுத்த பேன்சி ஸ்டோர் கலைமதி பார்த்துவிடுவாள். அவள் வாய் உங்களுக்குத் தெரியும். நயினார் நாய்க்கு விநாயகம் காளான் ஊட்டுகிறான் என்று மேல்சித்தாமூர் மடம் வரைக்கும் போய்விடும். அதனால் காலையில் வெறும் தயிர் சோறும் மாத்திரையும், ராத்திரி இருட்டினபிறகு மாத்திரையோடு பொடி என்று முடிவு செய்தேன்.

காலையில் தட்டை வழித்துத் தின்றான். ராத்திரி மோந்துகூடப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். நீங்கள் யார் வீட்டிலாவது விருந்துக்குப் போய், சூரியன் இறங்கிவிட்டதே, இனி சாப்பாடு கிடையாது என்று ஒரு திருப்பு திருப்புவீர்களே, அதே திருப்பு. மறுநாளும் அப்படித்தான். காளானைக் கண்டுபிடித்துவிட்டான், இவன் உங்களைவிடப் பெரிய விரதக்காரன் என்று நினைத்தேன். செல்லம்மாள் இதற்கென்றே காத்திருந்தவள்போல் சிரித்தாள். "எனக்கு ஜொரம் வந்தப்ப ஒரு ரசம் வெக்கத் தெரில. நாய்க்குன்னா ஸ்பூனு புடிச்சி அளக்குது பாரு கெழம். அதான் அதுவும் ஒன் சோத்த வேணான்னுது" என்றாள்.

சரி, பொடி வேண்டாம், மாத்திரையாவது உள்ளே போகட்டும் என்று அடுத்த ராத்திரி வெறும் தயிர் சோறு வைத்தேன். அதையும் தொடவில்லை. வாயைப் பிளந்து மாத்திரையைத் தள்ளினேன். விழுங்கினான், கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தான். மறுநாள் காலையில் வருவது வரட்டும் என்று கலைமதி பார்க்கப் பார்க்கவே பொடியைக் கலந்து வைத்தேன். நக்கி நக்கித் தட்டைப் பளபளப்பாக்கிவிட்டான். ஆக, காளான் மேல் குற்றமில்லை. ராத்திரியில்தான் ஏதோ இருக்கிறது. அது என்னவென்று தெரியாமல், அவன் விலா எலும்பு ஒவ்வொன்றாக மேலே வருவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கலைமதியும் ஒன்றும் ஊரைக் கூட்டவில்லை. "என்னா பெரிப்பா, இந்தப் பொடியப் போயி எங்கிட்ட மறைக்கற? அவன் பொழச்சா போதும்னு நானும்தான் வேண்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை.

ஞாயிறு அன்று இதுவரை எழுதியபோது ஒரு கார்க்காரன் வந்துவிட்டான். நம் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பெரிய பெயர் கிடைத்ததிலிருந்து வெளியூர்க் கார் அதிகம். மலை ஏறுகிறவர்களுக்கு மூச்சு போகிறது, கீழே நிற்கிற காருக்குக் காற்று போகிறது, என் பிழைப்பு ஓடுகிறது. விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் டூரிஸ்ட் வேன் ஒன்று இரண்டு சக்கரத்தில் காற்று இறங்கி வந்து நின்றது. நான் அதில் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகிவிட்டது. பார்த்தால் பட்டாணி தன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். காதை நிமிர்த்திக்கொண்டு, கடையில் பொட்டலத்துக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி. பயந்துகொண்டே பொடியும் மாத்திரையும் கலந்து சோற்றை வைத்தேன். தின்றான், நயினாரே. இருட்டில், காளானோடு, கடைசிப் பருக்கை வரைக்கும் தின்றான்.

எனக்குப் புரியவே இல்லை. கையில் கிரீஸோடு அப்படியே உட்கார்ந்து யோசித்தேன். அப்புறம்தான் தட்டைப் பார்த்தேன்.

நீங்கள் பஸ் ஏறின அன்று என்னிடம் என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "வௌக்கு வெக்கறதுக்கு முன்ன அவன் தட்டக் கழுவிக் கவுத்துடு விநாயகம், அது பழக்கம்" என்றீர்கள். உங்கள் தட்டைக் கழுவி அடுப்பு மேடையில் கவிழ்ப்பீர்கள், அவன் தட்டைக் கழுவிக் கொல்லைக் கல் மேல் கவிழ்ப்பீர்கள். இத்தனை வருஷமாக நான் கண்ணால் பார்த்ததுதான். நீங்கள் சொன்ன சொல் தட்டாமல் நானும் தினம் பொழுதோடு கழுவிக் கவிழ்த்துவிட்டு, எட்டு மணிக்கு நிமிர்த்திச் சோறு போட்டிருக்கிறேன். அவன் கணக்கில் தட்டு கவிழ்ந்தால் அன்றைய சாப்பாடு முடிந்தது. அதற்கப்புறம் யார் எதைக் கொண்டுவந்தாலும் அது அவனுக்கு இல்லை. அன்றைக்கு வேன்காரனால் தட்டைக் கவிழ்க்க மறந்துவிட்டேன். அவ்வளவுதான் விஷயம். இருட்டும் காரணமில்லை, காளானும் காரணமில்லை.

அதிலிருந்து நான் தட்டைக் கவிழ்ப்பதில்லை. ராத்திரி மாத்திரை தவறாமல் போகிறது. நேற்று மறுபடி ரத்தம் பார்த்தார்கள். அணுக்கள் ஏறியிருக்கின்றன. மாத்திரையால் ஏறியது என்கிறாள் ஷோபனா. பொடியும் சேர்ந்துதான் என்கிறாள் ஜெயஸ்ரீ. தட்டால் ஏறியது என்கிறேன் நான். முழுசாகத் தேறிவிட்டான் என்று பொய் சொல்லமாட்டேன். ஓடுவதில்லை, நடக்கிறான். ஆனால் உங்கள் கடை வரைக்கும் நடக்கிறான். ஷட்டர் இடுக்கில் மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்புகிறான். உள்ளே பருப்பு வாசனை இன்னும் இருக்கும்போல.

இனி உங்கள் சேதி.

நேற்று ரத்தம் பார்த்ததைச் சொல்லத்தான் ஜெயஸ்ரீக்குப் போன் போட்டேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் அழுதாள். முன்பு மாத்திரையைத் தொடவில்லை என்று மட்டும் சொன்னவள், இப்போது முழுசையும் சொன்னாள். "மாமா, அப்பாவுக்கும் அணு கொறைஞ்சுக்கிட்டே வருது. ஊசி போட்டுட்டு வந்தா ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை, கண்டிப்பா சாப்பாட்டோட எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு. இவரு ஆறு மணிக்கே தட்டக் கழுவிக் கவுத்துடறாரு. கெஞ்சிப் பாத்துட்டேன், சண்டையும் போட்டுட்டேன். முடியெல்லாம் போயிடுச்சு மாமா, குல்லா வாங்கிக் குடுத்திருக்கேன், அதப் போட்டுக்கிட்டு செவத்தப் பாத்துப் படுத்துக்கறாரு" என்றாள்.

குல்லாவைப் பற்றிக் கேலி செய்ய எனக்கு நாலைந்து வார்த்தை வந்தது. எழுதவில்லை. நேரில் வரும்போது சொல்வதற்கு வைத்திருக்கிறேன்.

உங்கள் விரதத்தை விடுங்கள் என்று சொல்ல நான் யார்? அது உங்களுக்கும் உங்கள் சாமிக்கும் நடுவில் இருப்பது. நோயாளிக்கு அதில் என்ன வழி உண்டு என்று மடத்துப் பெரியவர்களை நீங்களே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். சிக்னல் கிடைத்தால். எனக்குத் தெரிந்ததெல்லாம் டயரும் இந்த நாயும்தான். டயர் போய்விட்டது என்று ஆட்கள் தள்ளி வைத்த வண்டியைக்கூட ஊர் போய்ச் சேர்கிற மாதிரி நான் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒட்ட விட வேண்டும். வண்டியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

அதனால் சாப்பிடுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. ஜெயஸ்ரீ அதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். நான் கேட்பது சின்ன விஷயம். சாயங்காலம் தட்டைக் கழுவிக்கொள்ளுங்கள், துடைத்தும் வையுங்கள். கவிழ்க்க மட்டும் செய்யாதீர்கள். அது நிமிர்ந்தே இருக்கட்டும். எட்டு மணிக்கு அதன் முன்னால் சும்மா போய் உட்காருங்கள். அப்புறம் நடப்பதை நடக்கிறபோது பார்த்துக்கொள்ளலாம்.

பட்டாணியை நான் என்னவோ என் வீட்டு நாயாக்கிக்கொள்ளப் பார்க்கிறேன் என்று போன தடவை சொன்னீர்கள். எனக்கு எதற்கு இந்தச் சைவ நாய்? பொங்கலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வந்தால் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவான், குல்லா போட்டிருந்தாலும். செல்லம்மாள் உங்களுக்காகக் கன்னியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறாள். எங்கள் சாமி உங்கள் சாமியோடு சண்டைக்குப் போகாது, இரண்டும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது இங்கே விளக்கு வைத்தாயிற்று. கொல்லைக் கல் மேல் இவன் தட்டு நிமிர்ந்து இருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து எட்டு மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீங்களும் உட்காருங்கள், நயினாரே.

இப்படிக்கு,
உங்களுக்காகக் காத்திருக்கும் இருவரில் இரண்டு கால் உள்ளவன்,
விநாயகம்.