ஆறாவது முறை அறுந்தால்

3 நவம்பர் 2025, திங்கள்

மாதத்தின் முதல் வேலை நாளிலேயே ஒரு கால் அறுந்துபோய்விட்டது. 11.07க்கு. தூத்துக்குடியிலிருந்து ஒரு பெரியவர், மனைவியின் ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அட்மிட் ஆன தேதியச் சொல்லுங்க சார்" என்றேன். சொன்னாரா இல்லையா, தெரியாது. வைஃபை செத்துவிட்டது.

சாயங்காலம் டீம் லீடர் ஷோபனா மேடம் போனில் கூப்பிட்டார். "தாட்சாயிணி, இது உங்களுக்குப் பயிற்சியில கடைசி மாசம். இதுல ஆறு கால் பாதியில கட்டானா சிஸ்டமே உங்க பேரை எடுத்துடும். நான் சொன்னாலும் கேக்காது." கோபமே இல்லாமல் சொன்னார்.

மகள் வித்யா பிறந்ததிலிருந்து ஏழு வருடம் வேலை இல்லாமல் இருந்து, வீட்டிலிருந்தே பார்க்கும் இந்தக் கால் சென்டர் வேலை இப்போதுதான் கிடைத்தது. யார் கேட்டாலும் என் கணவர் மோகன், "சும்மா ஊட்லதான் கீறா" என்பார். மறுபடி அந்தச் 'சும்மா'வுக்குப் போக என்னால் முடியாது.

5 நவம்பர், புதன்

மூன்று. இன்று மட்டும் இரண்டு. இரண்டுமே பதினொரு மணிக்குமேல்.

மோகன் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டிலிருந்து வந்ததும் சொன்னேன். "மழைல ஒயரு நனைஞ்சிருக்கும், காஞ்சா செரியாயிடும்" என்று சட்டையைக் கழற்றி மாட்டினார். அயனம்பாக்கம் ஏரியே நிரம்பி வழிகிறது, இவருக்கு ஒயர் எப்போது காய்வதாம்?

6 நவம்பர், வியாழன்

நெட் கம்பெனி லைன்மேன் கோவிந்தன் வந்து பார்த்தார். "லைன்ல ஒண்ணியும் கெடையாதுக்கா. லைட்டு பச்சையா எரிஞ்சிகினு கீது பாரு." ஃபிரிட்ஜ் மேல் இருந்த ரவுட்டரை இறக்கி என் மேஜைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். செட்டிங்ஸ் பக்கத்துக்குள் எப்படிப் போவது, எந்த எண்ணை அடிப்பது என்று காட்டிக்கொடுத்தார்.

"ஊட்ல எத்தினி பேரு யூஸ் பண்றீங்க?"

"நாங்க மூணு பேர்தான்."

மாடியைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. மாடியில் ரேணுகா அக்கா, மோகனின் அண்ணி. அவள் கணவர் மணவாளன் மாமா குவைத்தில். இங்கே பழசானது எல்லாம் மாடிக்குத்தான் போகும். பழைய மிக்ஸி, பழைய டேபிள் ஃபேன், செப்டம்பரில் புது கனெக்‌ஷன் வந்தபோது பழைய ரவுட்டர். அதை நான்தான் துடைத்து அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். மோகன் புது ரவுட்டரிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு ஒயரை மேலே இழுத்துச் சொருகிவிட்டு வந்தார். அக்கா எதையும் வேண்டாம் என்றதில்லை. எதையும் கேட்டதும் இல்லை.

7 நவம்பர், வெள்ளி

செட்டிங்ஸுக்குள் போய் 'ஆட்டோ'வில் இருந்த வைஃபை சேனலைப் பதினொன்றில் நிறுத்தினேன். என் லேப்டாப்புக்கு மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தனிப் பெயரில் பிரித்து வைத்தேன். இன்று அறவில்லை.

நாலரை மணிக்கு ரேணுகா அக்கா வழக்கம்போலப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமையானால் இதே கதை. என் மேஜைக்கு நேர் பின்னால் அந்தப் படி. கையில் போன், காது என் பக்கம். நான் முகம் தெரியாதவர்களிடம் சாரி சாரி என்று கெஞ்சுவதைக் கேட்க அப்படி என்ன ஆசை? மாடியில் உட்கார இடமா இல்லை?

10 நவம்பர், திங்கள்

நாலு.

11.04. மேலே சீரியல் பாட்டு ஆரம்பித்தது, கீழே என் கால் அறுந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? தினமும் சமையல் முடித்துவிட்டுப் பதினொரு மணிக்குத்தான் அவள் டிவி போடுகிறாள். சும்மா வந்த நெட்தானே, உறிஞ்சட்டும் என்றா?

சாப்பாட்டு நேரத்தில் செட்டிங்ஸைத் திறந்தேன். இணைந்திருப்பவை என்று நாலு பெயர்கள். என் லேப்டாப், என் போன். மற்ற இரண்டும் மாடியுடையவை. ஒரு டிவி, ஒரு போன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பாக ஒரு பட்டன்: தடுக்கவும்.

இரண்டையும் அமுக்கினேன். இந்த மாதம் முடியும்வரைதானே.

11 நவம்பர், செவ்வாய்

அறவில்லை.

13 நவம்பர், வியாழன்

மூன்று நாளாக ஒன்றுகூட இல்லை. மாடியில் டிவி சத்தமும் இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற திமிரோடு இன்று பாயசம் வைத்தேன். மேலே கொடுத்தனுப்பவில்லை.

14 நவம்பர், வெள்ளி

நாலரைக்கு வந்து உட்கார்ந்தாள். போனைத் தூக்கிப் பிடித்தாள், ஒரு படி இறங்கினாள், இன்னொரு படி இறங்கினாள். நான் இரண்டு கால்களுக்கு நடுவே இருந்தேன்.

"தாட்சா, நெட்டு வருதா உனுக்கு?"

"எனக்கு வருதேக்கா."

பொய் இல்லையே அது. அவள் ஐந்தரைவரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

15 நவம்பர், சனி

காலையில் குவைத்திலிருந்து மணவாளன் மாமா மோகனைக் கூப்பிட்டார். ரேணுவை நேற்றுப் பிடிக்கவே முடியவில்லையாம். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை, அண்ணிகிட்ட நீயே சொல்லிடு என்று வைத்துவிட்டார். மோகன் மேலே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அரிசி பொடைச்சிகினு இருந்தாங்க."

இன்னிக்கே எடுத்துவிடலாமா அந்தத் தடையை? எடுத்தால் திங்கட்கிழமை பதினொரு மணிக்கு என்ன ஆகும்? இன்னும் இரண்டு வாரம்தான். எடுக்கவில்லை.

17 நவம்பர், திங்கள்

ஐந்து. தடுத்துவைத்தும் ஐந்து.

ஸ்கூலுக்கு மழை லீவு. வித்யா மாடிக்கு விளையாடப் போயிருந்தாள். 11.20க்குக் கால் போனது. செட்டிங்ஸைத் திறக்க அதே எண்ணை அடித்தேன். வந்த பக்கம் எங்களுடையது இல்லை. புதுசு நீலமாக இருக்கும், இது பச்சை. மேலே பழைய கம்பெனியின் பெயர். வித்யாவின் பிறந்தநாளைப் பாஸ்வேர்டாகப் போட்டேன், திறந்துகொண்டது. நான் கொடுத்த ரவுட்டர். மாடியில் இருப்பது.

கோவிந்தனுக்குப் போன் போட்டேன். "அக்கா, ரெண்டு பொட்டிக்கும் ஒரே நம்பரு. ஒரே தெருல ஒருத்தர் ஊட்டுக்குப் புது நம்பரு பதினாலு, இன்னொருத்தருக்குப் பழைய நம்பரு பதினாலுன்னா தபால்காரரு இன்னா பண்ணுவாரு? அத்தான் கதை. மேல கீற பொட்டிக்கு வேற நம்பரு போட்டுடு. அட்ரஸ் குடுக்கற வேலைய அதுல நிறுத்திடு, கீழ் பொட்டி மட்டும் குடுக்கட்டும். அன்னிக்கே கேட்டனே, எத்தினி பேருன்னு."

மேலே ஓடினேன். டிவியும் ரவுட்டரும் ஒரே ஸ்விட்ச் போர்டில், டிவி போட்டால்தான் ரவுட்டருக்கும் கரண்ட். டிவி திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "புள்ள கேட்டுச்சேன்னு போட்டேன், வரல. நாலஞ்சு நாளா சுத்தமா வரலன்னு போர்டையே அமத்திட்டேன்" என்றாள் அக்கா. "அதுக்கு முன்ன மட்டும் என்னா, வந்தா வரும், இல்லன்னா இல்ல."

அப்படியென்றால் அவளுக்கும்தான் அறுந்துகொண்டே இருந்திருக்கிறது. இரண்டு மாதமாக. எனக்கு ஐந்து முறை என்றால் அவளுக்கு எத்தனை முறையோ. அதற்காகத்தான் படிக்கட்டு. கீழ் ரவுட்டரின் சிக்னல் அந்தப் படிவரைதான் எட்டும். வாரம் ஒரு நாள், குவைத்தில் லீவான வெள்ளியன்று, புருஷனிடம் பேச என் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவளை, ஒட்டுக்கேட்கிறாள் என்று நினைத்தேனே, நான் என்ன மனுஷி.

சொல்லிவிட்டேன். "உங்க போனை நான்தான்க்கா தடுத்து வெச்சேன். போன திங்கக்கெழம."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் எத்தையோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். டிவியை அணைத்துவிட்டு, "அவரு வரலன்றத அவரு வாயால கேட்டிருப்பேன்" என்றாள். பிறகு, "சரி, கீழ போ. உனுக்குப் போன் வரும்."

தடையை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன?

18 நவம்பர், செவ்வாய்

காலையில் வாசலில் அட்டைப்பெட்டி. உள்ளே ரவுட்டர், சுருட்டிக் கட்டிய ஒயர். நான் கொடுத்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. மாடி ஏறிப்போய்க் கேட்டேன். "வேணாம் தாட்சா. போன்லயே நெட்டு போட்டுகினேன்."

21 நவம்பர், வெள்ளி

ஒன்றும் அறவில்லை. படிக்கட்டில் யாரும் இல்லை. மொட்டைமாடியிலிருந்து மழைக்குள் அக்காவின் குரல் மட்டும் வந்தது. "ஹலோ… கேக்குதா? ஹலோ." பதினைந்து தடவையாவது இருக்கும்.

அட்டைப்பெட்டி என் காலுக்குக் கீழேயே இருக்கிறது. எண்ணை மாற்றிக் கொண்டுபோய் மாட்டக் கால் மணி நேரம் போதும். மாட்டித் தப்பாகிவிட்டால்? மாதம் முடியட்டும்.

25 நவம்பர், செவ்வாய்

அறவில்லை. வித்யா கேட்கிறாள், "பெரிம்மா ஏன் கீழயே வர்றதில்ல?"

28 நவம்பர், வெள்ளி

கடைசி நாள். காலைவரை ஐந்து.

மாடி ரவுட்டரைத் திங்கட்கிழமை மாட்டினால் எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஆனால் திங்கட்கிழமை வெள்ளிக்கிழமை ஆகாது. சாப்பாட்டு நேரத்தில் பழைய ரவுட்டரை லேப்டாப்பில் சொருகி எண்ணின் கடைசி ஒன்றை இரண்டாக்கினேன். அட்ரஸ் கொடுக்கும் வேலையை நிறுத்தினேன். மூன்று முறை சரிபார்த்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன்.

அக்கா கதவை மறித்து நின்றாள். "உனுக்கு இன்னிக்கிதான் கடேசி நாளாமே, வித்யா சொல்லிச்சு. திங்கக்கெழம வெச்சிக்கலாம், போ."

"இன்னிக்கிதானேக்கா வெள்ளி."

அவள் நகர்ந்து நின்றாள். ஒயரைச் சொருகினேன். ஸ்விட்சை மட்டும் போடாமல் இறங்கி வந்துவிட்டேன். அது அவள் போட வேண்டியது.

இரண்டு மணி. மூன்று மணி. நாலரைக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா, ஆஸ்பத்திரி பில் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் பட்டியலைத் திறந்து வைத்திருந்தேன். இரண்டே பெயர்கள், லேப்டாப்பும் என் போனும். 4.36க்கு மூன்றாவதாக அக்கா போனின் பெயர் வந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

"ஹலோ, கேக்குதாம்மா?" என்றார் திண்டுக்கல் அம்மா.

"கேக்குதும்மா. சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. ஐந்தோடு நின்றது. ஷோபனா மேடம் வாழ்த்துச் சொல்லி மெசேஜ் அனுப்பியிருக்கிறார், மோகனிடம் இன்னும் சொல்லவில்லை.

மேலே இன்னமும் பேச்சு ஓயவில்லை. மணவாளன் மாமா இருமுவதுகூடக் கேட்கிறது. கொஞ்சம் முன்பு அக்கா மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். "வித்யா, பெரிப்பா லைன்ல கீறாரு, வா."

வித்யாவை மட்டும்தான் கூப்பிட்டாள். அவள் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினாள். நான் எழுந்துபோய் மூடவில்லை.